முன் படம், பின் படம்

அந்தக் கடையில் எல்லோரும் அவளை சீனியர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக, சாய்வு நாற்காலியின் தலைமாட்டில் சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் முகத்தை இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கி வேலை செய்தவள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே, இது வெயிலில் அலைகிற தோல், இது தூக்கம் கெட்ட தோல், இது கண்ட களிம்பையும் தடவிக் கெடுத்த தோல் என்று சொல்லிவிடுவாள். அவள் கை பட்டால் போதும் என்று மாதாமாதம் வருகிறவர்கள் இருந்தார்கள்.

கடை ஒரு செருப்புக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடியும் வெள்ளை விளக்கும் பூச்சாடியுமாகப் பளபளக்கும். நான்கு எட்டு பின்னால் போனால் சன்னலில்லாத ஒரு பொந்து. அதில் துணி துவைக்கிற மெஷின், உலர்த்துகிற மெஷின், மூட்டை மூட்டையாகத் துண்டுகள். அந்தப் பொந்தில்தான் அவள் நாத்தனார் வேலை பார்த்தாள். துணி பேக்கிங் கம்பெனி மூடி வேலையில்லாமல் இருந்தவளை, "கை சுத்தம், மேடம்" என்று கடை முதலாளியம்மாவிடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டவள் சீனியர்தான்.

நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத்திலேயே வாயாடி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் பேச ஆரம்பித்தால் இரண்டு மெஷின் ஓடுகிற சத்தமும் காதில் விழாது. மாநிறம், வலது தாடையில் ஒரு மச்சம், நெற்றியோரம் பழைய பரு வடு இரண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லாத, யாரும் திரும்பிப் பார்க்காத முகம். அதைப் பற்றி அவளே கவலைப்பட்டதில்லை. "மூஞ்சி இருக்கறது சாப்பிடறதுக்கும் பேசறதுக்கும்தானே அண்ணி" என்பாள்.

அன்றைக்குக் கடைக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார். மருந்து பாட்டில் விற்கிற கம்பெனி. இஸ்திரி கலையாத சட்டை, காலரில் குட்டி மைக், யாரைப் பார்த்தாலும் சிஸ்டர். வேறு கடைகளின் முதலாளிகள் பன்னிரண்டு பேரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, மெஷினையும் பீலையும் ஒரே உட்காரலில் செய்து முடிக்கிற புது முறையைச் செய்து காட்டப் போகிறார்.

மைக்ரோடெர்மாப்ரேஷன் என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிவிடும் என்பதால் கடையில் அதற்கு மெஷின் என்று பேர். பேனா மாதிரி ஒரு குழாய். முனையில் வைரப்பொடி ஒட்டிய வட்டம். தோலை உறிஞ்சிப் பிடித்து, மேலே படிந்து கிடக்கிற செத்த தோலைத் தேய்த்து எடுக்கும். பீல் என்பது அமிலம். தூரிகையால் தடவி, நிமிஷம் எண்ணி, முறிக்கிற கரைசலை விட்டுத் துடைக்க வேண்டும். தனித்தனியே இரண்டும் நல்ல வேலைதான். சேர்த்துச் செய்வதும் உண்டு, ஆனால் அதற்கு ஒரு நிதானம் வேண்டும். மெஷினை லேசாக ஓட்டி, இருப்பதிலேயே மெதுவான பீலைத் தடவலாம். கடுமையானது என்றால் நடுவில் இரண்டு வாரமாவது விட வேண்டும். தோலின் கதவைத் திறந்துவைத்துவிட்டு அமிலத்தை அனுப்பினால் அது வாசலோடு நிற்குமா?

முகம் கொடுப்பதாக இருந்த பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. மேடம் பன்னிரண்டு பேரையும் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு. மூஞ்சி கழுவிக்கிட்டு வரட்டும்."

சீனியருக்குச் சுருக்கென்றது. மேடத்தைத் தனியே இழுத்துப் போய், "மேடம், அந்த பாட்டில் ஐம்பது சதவீதம். மெஷின் போட்ட அன்னைக்கே அதைப் போடக்கூடாது. அவ தோலு வேற, கொஞ்சம் சூடு பட்டாலே கறுத்துப்போற தோலு" என்றாள்.

"அவரு ஊர் ஊரா இதைத்தான் சொல்லித் தர்றாரு. நீ டாக்டருக்குப் படிச்சியா?"

"படிக்கல மேடம். பதினோரு வருஷமா முகத்தைத் தொட்டிருக்கேன்."

"அப்ப இன்னைக்கும் தொடு. எனக்கு முன்னாடி உன் வாயைத் திறந்து மானத்தை வாங்காதே."

வாயாடி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். பெரிய மனுஷிகள் படுக்கிற நாற்காலியில் சும்மா படுக்கச் சொன்னால் கசக்குமா? கம்பெனிக்காரர் அவளை வெளிச்சத்தில் நிறுத்தி நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படம் எடுத்தார். "இதுதான் முன் படம்" என்று முதலாளிகளுக்குக் காட்டினார்.

"அண்ணி, என்னை அடையாளம் தெரியாம போயிடப் போகுது, அம்மா கதவைத் திறக்க மாட்டாங்க" என்று படுத்தபடி முணுமுணுத்தாள் வாயாடி. முதலாளிகள் சிரித்தார்கள்.

சீனியர் மெஷினை ஓட்டினாள். இரண்டு சுற்று ஓட்டி நிறுத்தினாள்.

"இன்னொரு ரவுண்டு சிஸ்டர்."

ஓட்டினாள்.

"கன்னத்துல இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தி. எல்லாரும் நல்லா பாருங்க."

கன்னம் சிவந்து, தோல் சீவிய கிழங்கு மாதிரி ஈரமாக மின்னியது. அதன் மேல் அமிலத்தைத் தடவச் சொன்னார். தடவினாள். டைமரில் மூன்று நிமிஷம் வைத்தார்கள். அவர் முதலாளிகள் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரே வருகையில் இரட்டைப் பொலிவு, வாடிக்கையாளருக்கு நேரம் மிச்சம் என்று பேசிக்கொண்டே போனார்.

டைமர் பாதி ஓடியிருக்கும். கன்னத்தில் பொட்டுப் பொட்டாக வெள்ளை பூத்தது. பனி படிந்த மாதிரி. அமிலம் எல்லை தாண்டி உள்ளே இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். சீனியர் முறிக்கிற கரைசல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "சார்" என்றாள்.

"டைமர் அடிக்கட்டும் சிஸ்டர்" என்றார் அவர், திரும்பாமல்.

போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிய இறுக்கியது. வாயாடி வாயே திறக்கவில்லை. சீனியர் மேடத்தைப் பார்த்தாள். மேடம் கண்ணை உருட்டினாள். அரை நிமிஷம் இருக்கும். சீனியர் டைமரையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான், நடப்பது நடக்கட்டும் என்று கரைசலைக் கொட்டினாள். அதற்குள் வெள்ளைப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தாடைவரை இறங்கியிருந்தன.

"சிலருக்கு இப்படி லேசா ரியாக்ஷன் வரும், பயப்பட ஒண்ணுமில்ல" என்று கம்பெனிக்காரர் முதலாளிகளுக்குச் சொன்னார். அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சீனியரும் நாத்தனாரும் குடியிருந்தது மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த இரண்டறை வீடு. கோடை. மத்தியானம் ஆனால் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும். வாயாடி உள்ளறையில், சன்னலில் கெட்டிப் போர்வை கட்டி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். முதல் நாள் முகம் வீங்கிக் கண் சுருங்கியது. மூன்றாம் நாள் நீர் வடிந்தது. ஐந்தாம் நாள் பொருக்குத் தட்டியது. வாயைத் திறந்தால் பொருக்கு வெடிக்கும். கஞ்சியை நீர்க்க ஆற்றி, உறிஞ்சுகுழலில் குடித்தாள். அந்த வீட்டில் முதல்முறையாகப் பேச்சுச் சத்தம் இல்லை.

மேடம் போனில் அலர்ஜி என்றாள். ஒரு களிம்பும் கொடுத்தனுப்பினாள். மாமியார் அந்தக் களிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பையில் எறிந்தாள்.

"அலர்ஜியாம்ல அலர்ஜி. முப்பது வருஷம் தீக்காய வார்டைக் கூட்டிப் பெருக்கினவ நான். வெந்த புண்ணு எது, அரிப்பு எதுன்னு எனக்குப் பாடம் சொல்றாளா அவ? ஏண்டா, உன் பெண்டாட்டியைக் கேளு. யாரு கை தடவிச்சு?"

மகன் லிப்ட் மெக்கானிக். அம்மா பேசினால் அம்மாவைப் பார்ப்பான், பெண்டாட்டி பேசினால் பெண்டாட்டியைப் பார்ப்பான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி மேலேயும் போகமாட்டான், கீழேயும் இறங்கமாட்டான்.

"அம்மா, அவ வேணும்னா பண்ணினா?"

"வேணும்னு பண்ணினாளா வேணாம்னு பண்ணினாளான்னா கேட்டேன்? யாரு கைன்னு கேட்டேன்."

"என் கைதான் அத்தை" என்றாள் சீனியர்.

அதற்குப் பிறகு மாமியார் அவளோடு நேரே பேசுவதை விட்டுவிட்டாள். எதுவானாலும் மகன் வழியாகத்தான். "உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லுடா." சொல்ல வேண்டியவள் இரண்டடி தள்ளி நின்று முட்டை உடைத்துக்கொண்டிருப்பாள்.

தோல் டாக்டர், விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது அமிலக் காயம், ஆறிவிடும், ஆனால் கறுப்பு போக மாசக் கணக்காகும், தாடையோரம் வடு தங்கினாலும் தங்கும், வெயில் படக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் வாயாடி உதட்டை அசைக்காமல் ஒன்று சொன்னாள்.

"கத்தியிருப்பேன் அண்ணி. நீங்க பக்கத்துல இருக்கீங்களேன்னுதான் கத்தல."

சீனியருக்கு நடுத்தெருவில் கால் நின்றுவிட்டது. வாயாடி நிற்கவில்லை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

ஒன்பதாம் நாள் மேடம் வாயாடியை வேலைக்கு வரச் சொன்னாள். பின்படிக்கட்டு வழியாக ஏறி, பின்படிக்கட்டு வழியாகவே இறங்க வேண்டும். முன்பக்கம் தலை காட்டக்கூடாது. "கஸ்டமர் பார்த்தா பயந்துடுவாங்க, புரியுதில்ல?" என்றாள். பொந்தில் நிறுத்தி, டாக்டருக்கு அனுப்ப வேண்டும், கம்பெனி மருந்து தரும் என்று சொல்லி முகத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மருந்து வரவில்லை.

சீனியரும் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு நாளும் முன்னறையில் யார் முகத்தையாவது துடைக்கும்போது கை தானாக நிதானப்படும். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்காகப் போனாள். பீல் கேட்டு வருகிறவர்களுக்கு ஏதாவது சாக்குச் சொல்லி வேறு வேலை செய்து அனுப்பினாள். கடையில் இரட்டைப் பொலிவைப் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்கள் இரண்டு பேரிடம்தான் மேடம் கொடுத்திருந்தாள்.

ஆறாவது வாரம் ஒரு கணக்கு டீச்சர் வந்தாள். வழக்கமாக வருகிறவள். கன்னத்தில் லேசான மங்கு, அதற்குச் சீனியரிடம்தான் செய்துகொள்வேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாள். பையிலிருந்து கடையின் வழவழப்பான விளம்பரக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு இதே மாதிரி பண்ணிடுங்க. மெஷினும் பீலும் ஒரே நாள்ல. இந்தப் பொண்ணு எப்படி இருந்திருக்கா, எப்படி ஆயிட்டா பாருங்களேன்! பாவம், இந்தக் கறுப்போட எப்படித்தான் வெளிய போய் வந்தாளோ."

காகிதத்தில் இரண்டு படம். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். இடதுபக்கம் திட்டுத் திட்டாகக் கறுத்து, பொருக்குத் தட்டிய ஒரு முகம். கீழே முன் என்று எழுதியிருந்தது. வலதுபக்கம் அதே முகம் தெளிவாக, லேசான சிரிப்போடு. கீழே பின்.

இரண்டு முகத்திலும் வலது தாடையில் அந்த மச்சம் இருந்தது.

முதலில் சீனியருக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் காதுமடல் வரை ரத்தம் ஏறியது. பொய் சொல்கிறவனைப் பார்த்திருக்கிறாள், ஏமாற்றுகிறவனைப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி முகத்தைப் பொசுக்கிவிட்டு, பொசுங்கிய முகம் அவளுடையது, அவளுடைய சொந்த முகம் இவர்கள் கொடுத்தது என்று ஊரெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிற நெஞ்சழுத்தத்தை இப்போதுதான் பார்க்கிறாள். திருடினவன் திருட்டுக் கொடுத்தவன் வீட்டுக்கே வந்து அந்தப் பொருளைப் பரிசு என்று நீட்டுவானா?

"டீச்சர், இந்தப் படத்தை மாத்திப் போட்டிருக்காங்க."

"என்னது?"

"வலது பக்கம் இருக்கறதுதான் முன்னாடி. இடது பக்கம் இருக்கறது, இது பண்ணினதுக்கு அப்புறம். பண்ணினது இந்தக் கை."

டீச்சர் அவள் கையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "சும்மா விளையாடாதீங்க" என்றாள், பாதிச் சிரிப்போடு.

"கொஞ்சம் இருங்க" என்று எழுந்து, காகிதத்தோடு சீனியர் பின்பக்கம் போனாள்.

வாயாடி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். பொருக்கு உதிர்ந்துவிட்டது. கன்னமும் தாடையும் கறுத்து, ஓரங்களில் மட்டும் புதுத்தோல் ரோஜா நிறத்தில் இழுத்துப் பிடித்திருந்தது. சீனியர் காகிதத்தை இஸ்திரி மேஜையில் வைத்தாள். வாயாடி அதைப் பார்த்தாள். வலதுபக்கத்து முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தானே அண்ணி இருந்தேன்" என்றாள்.

விரலை இடதுபக்கத்துப் படத்துக்கு நகர்த்தினாள்.

"இந்த மூஞ்சிக்கு என்ன குறைன்னு அன்னைக்குப் போய்ப் படுத்தேன்? இதைப் பார்த்துத்தான் எல்லாரும் எனக்கும் இப்படி வேணும்னு வர்றாங்களா? இதைத்தான் விக்கிறாங்களா இவங்க?"

"முன்னாடி ஒரு டீச்சர் உட்கார்ந்திருக்காங்க. நான் சொன்னா நம்பல. நீ வந்தா நம்புவாங்க. வரலைன்னாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். உன் மூஞ்சி, நீதான் முடிவு பண்ணணும். வேலை ரெண்டு பேருக்கும் போயிடும், அதையும் சொல்லிடறேன்."

வாயாடி கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். அதை அடுக்கின் மேல் வைத்துத் தட்டினாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சீனியர்தான் அவள் பின்னால் போக வேண்டியிருந்தது.

வரவேற்பில் மூன்று பேர் காத்திருந்தார்கள். டீச்சர் முடி விழாமல் கட்டிய தலைக்கச்சையோடு எழுந்து வந்து நின்றாள். வாயாடி விளக்குக்கு நேரே போய், காகிதத்தைக் கன்னத்தின் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம்ங்க. இது நான்தான். மச்சத்தைப் பாருங்க. நான் இந்தக் கடையில துண்டு துவைக்கிறேன். இந்த வலது பக்கத்துப் படம் இருக்கே, இது எங்க அம்மா அப்பா கொடுத்த மூஞ்சி. ஒரு பைசா இவங்க மருந்து இதுல கிடையாது. இந்த இடது பக்கம் இருக்கே, இதுதான் இவங்க கொடுத்தது. கிட்ட வந்து பாருங்க, பயப்படாதீங்க, ஒட்டிக்காது."

மேடம் உள்ளிருந்து ஓடி வந்தாள். "ஏய், உள்ள போ. முதல்ல உள்ள போ!"

"ஆறு வாரம் உள்ளதான் இருந்தேன் மேடம். உள்ள இருந்தா கஸ்டமர் பயப்பட மாட்டாங்கன்னீங்க. காகிதத்துல மட்டும் ஊர் முழுக்க என் மூஞ்சி போகுது. அதுக்கு யாரும் பயப்பட மாட்டாங்களா? டாக்டருக்கு அனுப்பணும்னு சொல்லித்தானே படம் எடுத்தீங்க? எந்த டாக்டரு மேடம், அச்சாபீஸ் டாக்டரா?"

காத்திருந்தவர்களில் ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேடம் குரலைத் தாழ்த்திச் சீனியரிடம் வந்தாள். "பதினோரு வருஷம் என் உப்பைத் தின்னிருக்கே."

"தின்னது என் உழைப்பை மேடம்."

"வெளிய எங்கயாவது போய் வாயைத் திறந்தே, ஞாபகம் வச்சுக்கோ. அமிலம் தடவினது என் கை இல்ல. உன் கை. பன்னிரண்டு பேர் சாட்சி. உன் சான்றிதழ்தான் முதல்ல கிழியும். அப்புறம் எவ கடையிலயும் நீ ஒரு மூஞ்சியைத் தொட முடியாது."

டீச்சர் தலைக்கச்சையை உருவி மேஜைமேல் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள். கதவருகே போய்த் திரும்பி வந்து, "அந்தக் காகிதத்தை எனக்குத் தாங்க. ஸ்கூல்ல இன்னும் நாலு பேர் கையில இருக்கு, அவங்களுக்குச் சொல்லணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் ரகளை. ரொட்டியும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"ரெண்டு பேருமா ஒரே நாள்லயா வேலையை விட்டுட்டு வருவீங்க?" என்றான் லிப்ட் மெக்கானிக். "சரி, போனது போச்சு. எழுதிக்கொடுக்கறேன், புகார் பண்றேன்னு கிளம்பாதே. அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு? கை உன்னுதுதானே. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதையாயிடும். விட்டுடு."

"எதைங்க விடச் சொல்றீங்க? அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டு நாளைக்கு ஒருத்தி வந்து படுப்பா. அந்தச் சின்னப் பொண்ணுங்களுக்கு வெள்ளை பூத்தா என்ன அர்த்தம்னுகூடத் தெரியாது."

"அதுக்கு ஊர்ல நீதான் கிடைச்சியா?"

"கை என்னுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப சொல்ல வேண்டியதும் நான்தானே?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு நேரே மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"எழுது" என்றாள். "டாக்டர் சீட்டு என் பெட்டியில இருக்கு. எடுத்துக்கோ. எவன் என்ன கிழிக்கிறான்னு பார்க்கறேன். ஏண்டா, நீ சாப்பிடு. உன்னை ஒண்ணும் கையெழுத்துப் போடச் சொல்லல."

சுகாதார அலுவலகத்தில் புகாரை வாங்கவே நான்கு நாள் அலையவிட்டார்கள். இந்த மேஜை இல்லை அந்த மேஜை, அவர் வரவில்லை, இவர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார். ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அழகு வேணும்னு போனா இப்படித்தான்மா" என்றார். வாயாடி அவரிடம், "நான் துண்டு துவைக்கப் போனேன் சார்" என்றாள். கடைசியில் வாங்கிக்கொண்டார்கள். அமிலத்தைத் தடவியவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சீனியர் தன் பெயரை முழுசாக எழுதினாள்.

விசாரணை மழைக்காலம் தொடங்கியபிறகுதான் வந்தது. மின்விசிறி கிறீச்சிடுகிற ஒரு நீள அறை. ஒரு பக்கம் மேடம், அவளுக்கு ஒரு வக்கீல். கம்பெனிக்காரர் வரவில்லை, வேறு பகுதிக்கு மாற்றலாகிவிட்டார், அவர் எங்கள் நிரந்தர ஊழியர் இல்லை என்று கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. பன்னிரண்டு முதலாளிகளில் ஒருத்தர்தான் வந்தார், அவரும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை என்றார். அச்சடித்தவன் செய்த தவறு, படம் இடம் மாறிவிட்டது என்றார் வக்கீல். ஏழாயிரம் காகிதத்தில் ஒன்றில்கூடவா சரியாக விழவில்லை என்று விசாரணை அதிகாரியே கேட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் சட்டப்புத்தகத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் அவரால் கேட்க முடியும்.

வக்கீல் சீனியரை எழுப்பினார்.

"வெள்ளை பூத்தா ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"உடனே நிறுத்தினீங்களா?"

"இல்ல. அரை நிமிஷம் கழிச்சு நிறுத்தினேன்."

"அப்ப தப்பு உங்க மேலதானே?"

"என் மேலயும் இருக்கு. என் பங்கை நான் எழுதிக் கொடுத்துட்டேன். அவங்க பங்கை அவங்களை எழுதச் சொல்லுங்க."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வாயாடியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க அண்ணி மேல உங்களுக்குக் குறை ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லலாம். பதிவு பண்ணிக்கறேன்."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சீனியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு சார்" என்றாள் வாயாடி. "நிறைய இருக்கு. ஆனா அது வீட்டு விஷயம். அதை நான் வீட்டுல பார்த்துக்கறேன். நீங்க கடை விஷயத்தைப் பாருங்க."

தீர்ப்பை அங்கேயே படித்தார்கள். படத்தை மாற்றிப் போட்டதற்குக் கடைக்கு அபராதம், மூன்று வாரம் அடைப்பு. வைத்தியச் செலவைக் கொடுக்க வேண்டும். ஐம்பது சதவீத பாட்டிலை டாக்டர் இல்லாத இடத்தில் வைத்திருக்கக்கூடாது. கம்பெனிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். சீனியரின் சான்றிதழ் ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைப்பு. எல்லோரிலும் நீளமான தண்டனை அவளுக்குத்தான் விழுந்தது. மேடம் வெளியே போகும்போது வக்கீலிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. மூன்று வாரம் என்றால் சுண்ணாம்பு அடித்துக்கொள்ள ஆகிற நேரம்.

படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். மழை விட்டு, கண்ணைக் கூசவைக்கிற வெயில் அடித்தது. சீனியருக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. "பார்த்தியா அநியாயத்தை? மூணு வாரம்! மூஞ்சி வெந்ததுக்கு மூணு வாரம்!" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். "அந்தக் கம்பெனிக்காரன் வேற ஊர்ல போய் இதையேதான் பண்ணிக்கிட்டிருப்பான்."

"அந்த டீச்சர் ஸ்கூல்ல நாலு பேரும் போகல. அது எனக்குப் போதும்" என்றாள் வாயாடி. "கடை விஷயம் முடிஞ்சுது. இப்ப வீட்டு விஷயத்துக்கு வாங்க."

"இங்கயா?"

"வீட்டுல அம்மா இருப்பாங்க. அவங்க ஆரம்பிச்சா நான் பேச முடியாது. சொல்லுங்க. கையைப் பிடிச்சேனே, நகம் பதியப் பிடிச்சேனே. ஏன் பார்த்துக்கிட்டு நின்னீங்க?"

கம்பெனிக்காரர் சொன்னார், மேடம் முறைத்தாள், டைமர் அடிக்கவில்லை என்று எத்தனையோ பதில் சீனியரின் வாய்வரை வந்தது. எல்லாம் அந்த வக்கீல் பேச்சு மாதிரியே இருந்தது.

"பயந்துட்டேன்" என்றாள். "வேலை போயிடும்னு பயந்துட்டேன். உன் மூஞ்சியைவிட அது பெரிசாத் தெரிஞ்சுது, அந்த அரை நிமிஷம்."

ஒரு பஸ் வந்து, அவர்களுடையது இல்லை என்று தெரிந்து, போனது. வாயாடி முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் படாமல், ஒற்றி ஒற்றி.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே திட்டி முடிச்சிருப்பேன்" என்றாள். "இத்தனை மாசம் மனசுக்குள்ளயே திட்டி எனக்குத்தான் வாய் வலிக்குது."

அவர்கள் பஸ் வந்தது. இரண்டு பேர் உட்காருகிற இருக்கை ஒன்று காலியாக இருந்தது, வெயில் பக்கம். சன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வாயாடி வழியில் நின்றுகொண்டு அண்ணியை உள்ளே தள்ளினாள்.

"அந்தப் பக்கம் நீங்க உட்காருங்க. வெயில் உங்க மேல விழட்டும்."

சீனியர் சன்னலோரம் உட்கார்ந்து, அவள் பக்கம் வெயில் வராதபடி உடம்பைத் திருப்பிக்கொண்டாள். வாயாடி பக்கத்தில் உட்கார்ந்ததும் திட்ட ஆரம்பித்தாள். இறங்குகிற இடம் வரைக்கும் நிறுத்தவில்லை.